மனப்பாங்கும் மொழி நடத்தையும்: சமூக உளவியலின் சில அடிப்படைக் கருத்துகள் – லக்ஷ்மிபாய் நகர்த் தமிழரை முன்வைத்து

முன்னுரை

மொழியை ஓர் அமைப்பாகக் கொண்டு அதன் ஒலி, சொல், தொடர் ஆகியவற்றை ஆராய்வது மொழியியலின் முதற்பணி. ஆயின், ஒருவர் தமக்குத் தெரிந்த இரு மொழிகளுள் ஒன்றை ஓரிடத்தில் ஏன் பேசுகிறார், மற்றொன்றை ஏன் அடக்கிக் கொள்கிறார் என்னும் வினா எழும்போது இலக்கணம் மட்டும் விடை தராது. அங்குச் சமூக உளவியலின் துணை வேண்டும். அத்துறையின் அடிப்படைக் கருத்துகள் சிலவற்றைத் தில்லி லக்ஷ்மிபாய் நகரில் வாழும் தமிழரின் மொழி வழக்கைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டுரையாளர் இந்நகரின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஆதலின் கீழே வரும் உற்றுநோக்கல்களுள் சில கள ஆய்வில் திரட்டியவை அல்ல, வாழ்ந்து கண்டவை. அவற்றை அவ்வளவிற்கே கொள்ள வேண்டும்.

லக்ஷ்மிபாய் நகர் தென்தில்லியில் ஐ.என்.ஏ. சந்தைக்கும் சரோஜினி நகருக்கும் அணித்தே அமைந்தது. நடுவண் அரசு ஊழியர்களுக்கென எழுந்த குடியிருப்புகளுள் ஒன்று. வீடு பதவியைப் பொறுத்து ஒதுக்கப்படுமேயன்றி மொழியைப் பொறுத்து ஒதுக்கப்படுவதில்லை. எனவே ஒரே மாடிப்படியைப் பஞ்சாபி, வங்காளி, தமிழர், கடுவாலி ஆகியோர் பகிர்ந்து கொள்வது இங்கு இயல்பு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று இந்நகரில் உள்ளது. ஐ.என்.ஏ. சந்தையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் கிடைக்கும். சிறிது தொலைவில் இராமகிருஷ்ணபுரத்தில் மலைமந்திர் எனப்படும் உத்தர சுவாமிமலைக் கோயிலும், 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடமும் உள்ளன. தமிழ் பேசுவதற்குரிய வாய்ப்புகள் இல்லாத இடம் என்று இதனைக் கூற இயலாது.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு காட்சி. ஏழெட்டு வயதுச் சிறுவன் தாயுடன் நிற்கின்றான். தாய் தமிழில் ஏதோ கேட்கிறார். சிறுவன் குரலைத் தாழ்த்தி, 'அம்மா, இங்க ஹிந்தில பேசேன்' என்கிறான். 'ஏண்டா கண்ணா?' என்று தாய் வினவ, 'சப் லோக் தேக் ரஹே ஹைன்' என்கிறான்; எல்லாரும் பார்க்கிறார்களாம். தாய் அதன்பின் பேசவில்லை. பேருந்து வரும் திசையையே பார்த்துக் கொண்டிருந்தார். இத்தகைய காட்சியைக் காணாத தில்லித் தமிழர் அரியர். விழாக்களில் பெரியவர்கள் இதற்குக் கூறும் காரணம் ஒன்றே: 'வீட்டில் தாய் தமிழ்ப் பற்றோடு வளர்க்கவில்லை.' இவ்விளக்கம் சரிதானா என்பதிலிருந்து தொடங்கலாம்.

காரணம் கற்பித்தல்

பிறர் செயலுக்கு நாம் எவ்வாறு காரணம் காண்கிறோம் என்பதைச் சமூக உளவியலார் காரணம் கற்பித்தல் என்னும் தலைப்பில் ஆராய்வர். 1958இல் ஃபிரிட்ஸ் ஹைடர் இதற்கு அடித்தளமிட்டார். ஒரு செயலுக்குச் செய்தவரின் இயல்பைக் காரணமாகக் கூறலாம்; அவர் நின்ற சூழலையும் கூறலாம். பிறரைப் பற்றிப் பேசும்போது நாம் இயல்பிற்கு மிகுதியான இடமும் சூழலுக்குக் குறைவான இடமும் தருகின்றோம். 1977இல் லீ ராஸ் இதனை அடிப்படைக் காரணப்பிழை எனப் பெயரிட்டார். தெருவில் ஒருவர் தடுக்கி விழுந்தால் 'கவனமில்லாதவர்' என்போம். நாமே விழுந்தால் 'கல் கிடந்தது' என்போம்.

இப்பிழை எல்லா மக்களிடமும் ஒரே அளவில் காணப்படுவதன்று. 1984இல் ஜோன் மில்லர் வெளியிட்ட ஆய்வு மைசூரிலும் சிகாகோவிலும் வாழ்ந்தோரை ஒப்பிட்டது. வளர்ந்த அமெரிக்கர் பிறர் நடத்தைக்கு அவரவர் குணத்தையே மிகுதியாகக் காரணம் காட்டினர்; மைசூரில் வாழ்ந்தோர் உறவு, கடமை, இடம், பொழுது ஆகிய சூழற் காரணங்களை மிகுதியாகச் சுட்டினர். சிறு வயதினரிடம் இவ்வேறுபாடு பெரிதாக இல்லை. வயது ஏற ஏற வளர்ந்தது. அதாவது காரணம் காணும் முறையும் பண்பாட்டால் கற்பிக்கப்படுவதே. சூழலை நோக்கப் பழகிய நம்மவர், தாய்மொழி என்னும் பொருள் வந்தவுடன் மட்டும் அப்பழக்கத்தைக் கைவிட்டு ஒரு தாயின் குணத்தைக் குற்றம் சாட்டுவது வியப்பிற்குரியது. தாய்மொழி என்னும் சொல்லே அப்பழியைத் தாய்மேல் ஏற்றிவிடுகிறது போலும்.

மனப்பாங்கு

ஒரு பொருளை விரும்பியோ வெறுத்தோ நோக்கும் நிலையான மனச்சாய்வு மனப்பாங்கு எனப்படும். கார்டன் ஆல்போர்ட் 1935இல் இதனைச் சமூக உளவியலின் இன்றியமையாக் கருத்தாகக் கொண்டார். மனப்பாங்கில் அறிவுக்கூறு, உணர்வுக்கூறு, செயற்கூறு என மூன்று கூறுகள் உண்டு என்பது பொதுவான விளக்கம். தமிழ் தொன்மையான மொழி என அறிதல் முதலாவது. தமிழைக் கேட்டால் மகிழ்தல் இரண்டாவது. தமிழில் பேச முனைதல் மூன்றாவது. இவை மூன்றும் இணைந்தே செல்லும் என நாம் எதிர்பார்க்கின்றோம். அவ்வாறு செல்வதில்லை என்பதே இத்துறையின் பழைய பாடங்களுள் ஒன்று.

1930களின் தொடக்கத்தில் ரிச்சர்டு லாப்பியர் சீன இணையர் ஒருவருடன் அமெரிக்காவெங்கும் பயணம் செய்தார். சீனர் மீது அந்நாட்டில் வெறுப்பு மிக்கிருந்த காலம் அது. அவர்கள் சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஓரிடத்தில் மட்டுமே இடம் மறுக்கப்பட்டது. ஆறு திங்கள் கழித்து அவ்விடங்களுக்கு மடல் எழுதி, 'சீனரை ஏற்பீர்களா?' என்று கேட்டார். விடையளித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் 'ஏற்க மாட்டோம்' என்றனர். இவ்வாய்வு 1934இல் வெளிவந்தது. மடலுக்கு விடை எழுதியவரும் வாயிலில் வரவேற்றவரும் ஒருவரே என்பதற்கு உறுதியில்லை எனப் பின்னர் குறை கூறப்பட்டது. எனினும் சொல்லிற்கும் செயலிற்கும் இடையிலான இடைவெளியை அது தெளிவாகக் காட்டிவிட்டது.

லக்ஷ்மிபாய் நகரில் இவ்விடைவெளி எதிர்த்திசையில் அமைந்துள்ளது. லாப்பியர் கண்டோர் தாளில் வெறுத்து நேரில் ஏற்றனர். இங்குள்ளோர் தாளில் தமிழை உயர்த்தி நடைமுறையில் நழுவவிடுகின்றனர். 'உங்கள் பிள்ளை தமிழ் கற்க வேண்டுமா?' என்று வினாநிரல் கேட்குமாயின் 'ஆம்' என்பதே விடையாக வரும். அவ்விடை பொய்யன்று. ஆனால் அதனைக் கொண்டு நாளை மாடிப்படியில் எம்மொழி ஒலிக்கும் எனக் கணிக்க முடியாது. மொழிப்பேணல் பற்றிய ஆய்வுகள் பல வினாநிரலையே நம்பி நிற்பது கட்டுரையாளருக்கு உடன்பாடன்று.

வினாநிரலின் இக்குறையை உணர்ந்தே வாலஸ் லாம்பர்ட்டும் அவர்தம் குழுவினரும் மாண்ட்ரியால் நகரில் வேறொரு முறையைக் கையாண்டனர். ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் சரளமாகப் பேசும் நால்வரை ஒரே பகுதியை இரு மொழிகளிலும் படிக்கச் செய்து ஒலிப்பதிவு செய்தனர். கேட்போர் ஒவ்வொரு குரலையும் வெவ்வேறு மனிதருடையதாகவே கருதி அறிவு, நேர்மை, தோற்றம் முதலியவற்றிற்கு மதிப்பிட்டனர். இதனை இணைவேட முறை எனலாம். 1960இல் வெளிவந்த இதன் முடிவு பலரைத் திகைக்க வைத்தது. ஒரே மனிதர் ஆங்கிலத்தில் பேசியபோது உயர்வாகவும் பிரெஞ்சில் பேசியபோது தாழ்வாகவும் மதிப்பிடப்பட்டார். அங்ஙனம் மதிப்பிட்டோருள் பிரெஞ்சு மொழியினரும் அடங்குவர். தம் மொழியைத் தாமே தாழ்த்தினர். மொழியைப் பற்றிய மதிப்பீடு எனத் தோன்றுவது உண்மையில் அம்மொழியினரின் சமூக நிலை பற்றிய மதிப்பீடே என்பதை இதனால் அறியலாம். பேருந்து நிறுத்தத்துச் சிறுவனுக்குத் தமிழின் ஒலி இனிமையா இன்மையா என்பது வினாவே அன்று. 'எல்லாரும் பார்க்கிறார்கள்' என்பதே அவன் கூற்று.

அகக்குழுவும் புறக்குழுவும்

அவ்வெல்லாரும் எவர்? இவ்வினாவிற்கு விடை காண ஹென்றி தாஜ்ஃபெல் என்பாரின் ஆய்வு துணை செய்யும். போலந்தில் யூதராகப் பிறந்த அவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் செருமானியரிடம் சிறைப்பட்டார். போலந்து யூதர் என அறியப்பட்டிருப்பின் உயிர் தப்பியிருக்க மாட்டார். எந்தக் குழுவினராக எண்ணப்படுகிறோம் என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானிப்பதை நேரிற் கண்டவர் பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அதனை ஆய்வுப்பொருளாக்கினார்.

1971இல் வெளிவந்த ஆய்வில் பள்ளிச் சிறுவர்களை அவர் பொருளற்ற ஓர் அடிப்படையில் இரு குழுக்களாகப் பிரித்தார். கிளீ, காண்டின்ஸ்கி ஆகிய ஓவியர் இருவருள் எவரது ஓவியத்தை விரும்பினர் என்பதே காரணமாகச் சிறுவர்களுக்குக் கூறப்பட்டது. உண்மையில் பகுப்பு தற்செயலானது. தன் குழுவில் பிறர் எவர் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. பின்னர்ப் பிறருக்குச் சிறு தொகைகளைப் பங்கிடுமாறு கூறப்பட்டது. சிறுவர் தம் குழுவினருக்கே மிகுதியாக அளித்தனர். அதனினும் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. தம் குழுவிற்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும், மற்றக் குழுவை விட அது கூடுதலாக இருக்குமாறு அவர்கள் பார்த்துக் கொண்டனர். பகை இல்லை, பழைய வரலாறு இல்லை, தன்னலமும் இல்லை. 'நாம்', 'அவர்' என்னும் பகுப்பு ஒன்றே போதியதாயிற்று. தான் சார்ந்த குழுவை அகக்குழு எனவும் சாராததைப் புறக்குழு எனவும் குறிப்பர். ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் மதிப்பில் ஒரு பகுதி அவர்தம் குழுவின் மதிப்பிலிருந்து பெறப்படுகிறது. இப்பகுதியே சமூக அடையாளம். தாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் 1979இல் இதனைக் கோட்பாடாக வகுத்தனர்.

தம் குழு தாழ்வாக மதிக்கப்படும் இடத்தில் ஒருவர் என்ன செய்வார்? அக்குழுவை விட்டு உயர்ந்த குழுவிற்குள் நுழைய முயலலாம். அல்லது ஒப்பிடும் அளவுகோலை மாற்றி, 'கணக்கில் நாங்களே முன்னிற்போம்' என்பது போல் தம் சிறப்பை வேறிடத்தில் நாட்டலாம். அல்லது தாழ்வு எனப்பட்ட அடையாளத்தையே பெருமையாக ஏந்தலாம். தில்லித் தமிழர் இம்மூன்றையும் செய்துள்ளனர். சிலர் ஒரே நாளில் மூன்றையும் செய்வர்.

'மதராசி' என்னும் பெயர்

மூன்றாம் வழிக்குச் சிறந்த சான்று 'மதராசி' என்னும் சொல். சென்னை மாகாணத்தார் என்னும் இடப்பொருளில் தோன்றிய இச்சொல் வடநாட்டு வழக்கில் விந்தியத்திற்குத் தெற்கே பிறந்த எல்லாரையும் குறித்தது. மலையாளியும் கன்னடரும் தெலுங்கரும் தமிழரும் அதில் ஒன்றாயினர். புறக்குழுவினர் அனைவரும் ஒரே மாதிரியினர் எனக் கருதும் இவ்வியல்பு சமூக உளவியலில் நன்கு அறியப்பட்டது. இதில் வடநாட்டாரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. பீகாரியையும் இராஜஸ்தானியையும் மராத்தியரையும் 'வடக்கத்தியார்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் நம்மவர் வழக்கும் இத்தகையதே.

ஒரு குழுவினர்க்கெல்லாம் ஒரே வகையான பண்புகளை ஏற்றிக் கூறும் கருத்தினை வார்ப்புக் கருத்து எனலாம். 1922இல் வால்டர் லிப்மன் இதனைக் குறிக்க அச்சுத்தொழிலிலிருந்தே சொல்லை எடுத்தார். ஒரு வார்ப்புத் தகட்டிலிருந்து ஒரே உருவம் மீண்டும் மீண்டும் பதிவது போன்றது அது. 1968இல் வெளியான 'படோசன்' என்னும் இந்தித் திரைப்படத்தில் மெஹமூத் ஏற்ற தமிழ் இசையாசிரியர் வேடம் மதராசி வார்ப்பைத் தலைமுறை கடந்தும் நிலைநிறுத்தியது. வார்ப்புக் கருத்துகள் உறுதியானவை எனினும் மாறாதவை அல்ல. 1959இல் இந்திய–சீன எல்லைப் பூசலுக்கு முன்னும் பின்னும் பட்னா பல்கலைக்கழக மாணவரிடம் சின்ஹா, உபாத்யாயா ஆகியோர் நடத்திய ஆய்வில் சீனரைப் பற்றிய நற்பண்புப் பட்டியல் சில மாதங்களிலேயே தீப்பண்புப் பட்டியலாக மாறியிருந்தது. சீனர் அதற்குள் மாறிவிடவில்லை. குழுக்களுக்கிடையிலான உறவே மாறியது.

தில்லியின் பழைய தமிழ்ப்பள்ளிகள் பல்லாண்டுகள் 'மதராசிப் பள்ளி' என்றே பெயர் தாங்கின. பிறர் இட்ட பெயரைத் தம் பள்ளியின் வாயிலில் தாமே எழுதி வைத்த அத்தலைமுறையினர் அதனை இழிவாகக் கருதியிருக்க இயலாது. 1969 சனவரி 14 அன்று சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. மாகாணம் மறைந்து மாநிலத்தின் பெயரும் மாறிய பின்னர், 'மதராசி' என்னும் சொல்லுக்கு இடப்பொருள் இல்லாதாயிற்று; ஏளனப் பொருள் மட்டும் எஞ்சிற்று. கட்டுரையாளரின் மாடிப்படியில் கீழ்வீட்டு முதியவர் 'மதராசி பாபு' என்று அன்போடு அழைப்பார். தந்தை சிரித்துக் கொண்டே திரும்பிப் பார்ப்பார். அதே சொல்லைக் கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே கேட்ட மகனால் அவ்வாறு சிரிக்க முடிந்ததில்லை. சொல் ஒன்றே, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான நிலை வேறு.

குவிதலும் விரிதலும்

பேசும்போது நாம் எதிரிலிருப்பவரை நோக்கி நம் பேச்சை மாற்றிக் கொள்கிறோம். ஹோவர்ட் கைல்ஸ் 1973 முதல் வளர்த்த இசைவுக் கோட்பாடு இதனை விளக்குகிறது. பிறர் பேச்சை நெருங்குவது குவிதல், விலகுவது விரிதல். ஐ.என்.ஏ. சந்தையில் 'பையா' என்று கடைக்காரரை அழைத்து இந்தியில் விலை பேசுவதும், மலையாளக் கடைக்குச் சென்றவுடன் 'சேட்டா' என்று தொடங்குவதும் குவிதலே. இதனை மொழிப்பற்றின்மை எனக் கொள்வார் எவருமில்லை. நாகரிகம் என்றே கொள்வர். அச்சிறுவன் செய்ததும் குவிதலே. ஆனால் அவன் குவிந்தது எதிரே நின்ற தாயை நோக்கியன்று. பேசாமல் பார்த்து நின்றவர்களை நோக்கி. ஒருவர் எவரைத் தம் அளவுகோலாகக் கொள்கிறாரோ அக்குழுவைக் குறிப்புக்குழு என்பர். ஹெர்பர்ட் ஹைமன் 1942இல் இதனை எடுத்துக்காட்டினார். பள்ளி செல்லும் வயதில் பிள்ளையின் குறிப்புக்குழு பெற்றோர் அல்லர், உடன் விளையாடுவோரே.

விரிதலுக்கு வேல்ஸ் நாட்டிலிருந்து ஒரு சான்று. 1977இல் பூரிஸ், கைல்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வேல்ஸ் மொழியைக் கற்க வந்தோரிடம் ஆங்கிலேயர் ஒருவர், 'எதிர்காலமற்ற, சாகும் மொழியை ஏன் கற்கிறீர்கள்?' என்று ஒலிப்பதிவுக் கருவி வழியே வினவினார். அவர்களுள் பலருடைய ஆங்கிலத்தில் உடனே வேல்ஸ் ஒலிச்சாயல் ஏறியது. அச்சுறுத்தல் விரிதலைத் தூண்டியது. தில்லியிலும் இதனைக் காணலாம். வீட்டில் இந்தி கலந்தே பேசும் இளைஞன், கல்லூரியில் 'மதராசி' என்று எவரேனும் கேலி செய்தால் அன்று மாலையே நண்பனிடம் தமிழில் உரக்கப் பேசுவான். எட்டு வயதில் அடக்கிய மொழியைப் பதினெட்டில் உயர்த்தும் இம்மாற்றம் பற்றின் ஏற்ற இறக்கமன்று. அடையாளத்தைக் காக்கும் வழி மாறியிருக்கிறது, அவ்வளவே.

முரணும் அதன் தணிப்பும்

பெற்றோரின் நிலையைச் சற்று நின்று நோக்க வேண்டும். தமிழ் வேண்டும் என்னும் மனப்பாங்கும், பிள்ளை தமிழ் பேசவில்லை என்னும் உண்மையும் ஒருவர் மனத்திலேயே மோதுகின்றன. இம்மோதலை அறிதல் முரண் எனலாம். 1957இல் லியான் ஃபெஸ்டிங்கர் இக்கோட்பாட்டை வெளியிட்டார். அவருக்கு வித்தாக அமைந்தவற்றுள் ஓர் இந்திய ஆய்வும் உண்டு. 1934 சனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் திரட்டி 1935இல் வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவிற்கு உள்ளாகாத பகுதிகளில் இதனினும் பெரிய கேடுகள் வரவிருப்பதாக வதந்திகள் பரவின. அஞ்சியவரை மேலும் அச்சுறுத்தும் செய்தியை அவர்களே ஏன் நம்ப வேண்டும் என்பது ஃபெஸ்டிங்கரின் ஐயம். 'நான் அஞ்சுகிறேன், அஞ்சுவதற்கு ஏதுமில்லை' என்னும் முரணைத் தீர்க்க அஞ்சத்தக்கது ஒன்றை மனம் தேடிக் கொள்கிறது என்பது அவர் கண்ட விடை.

தில்லித் தமிழ்ப் பெற்றோர் முரணைத் தணிக்கும் தொடர் ஒன்றுண்டு: 'அவனுக்கு எல்லாம் புரியும், பேசத்தான் வராது.' இத்தொடரைக் கேட்டு நகைப்பவர் உண்டு. மொழியியலார் நகைக்கக் கூடாது. புரிதல் மட்டும் எஞ்சிய இருமொழியம் உண்மையானதே. சூழல் மாறின் அது பேச்சாக மலர்வதும் உண்டு. ஆனால் அத்தொடர் பெற்றோரின் மனத்தை அமைதிப்படுத்திவிடுவதால் அச்சூழலை அமைக்கும் முயற்சி நின்றுவிடுகிறது. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்ற பேரன், பாட்டி கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்துத் திரும்பிய பின்னரே பல வீடுகளில் அம்முயற்சி மீண்டும் தொடங்குகிறது.

குழுவின் உயிர்ப்பு

தனிமனிதர் மனத்தை இவ்வளவு நோக்கிய பின், குழுவின் நிலையையும் நோக்க வேண்டும். கைல்ஸ், பூரிஸ், டெய்லர் ஆகியோர் 1977இல் மொழிக்குழுவின் உயிர்ப்பு என்னும் கருத்தை முன்வைத்தனர். குழுவின் சமூக மதிப்பு, எண்ணிக்கையும் செறிவும், நிறுவன ஆதரவு ஆகிய மூன்றும் அதனைத் தீர்மானிக்கும். தில்லி ஆய்வுகள் இதனைச் சோதிக்க ஏற்றவை. குடிபெயர்ந்தோர் தம் மொழியைத் தலைமுறைகள் தோறும் பேணுவதே இந்திய இயல்பு என்று பிரபோத் பண்டிட் வலியுறுத்தினார். ஆயினும் தில்லிப் பஞ்சாபியர் இந்தியை நோக்கிப் பெயர்வதை அவரே ஆராய்ந்தார். அக்கட்டுரை அவர் மறைவிற்குப் பின் 1978இல் வெளிவந்தது. 1996இல் வெளிவந்த அதிதி முகர்ஜியின் நூல் தில்லியில் பஞ்சாபியர் இந்திக்குப் பெயர, வங்காளியர் தம் மொழியைப் பேணுவதை ஒப்பிட்டுக் காட்டியது. எண்ணிக்கையில் மிக்கவர் பஞ்சாபியரே. எண்ணிக்கை மட்டும் மொழியைக் காப்பதில்லை என்பது இதனால் புலனாகும்.

தமிழர் நிலை இவ்விருவர்க்கும் வேறானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லியில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர். நிறுவன ஆதரவோ பள்ளி, சங்கம், கோயில் என வலுவாக உள்ளது. இடைப்பட்ட செறிவு என்னும் கூறே இன்று தளர்கின்றது. அரசுக் குடியிருப்பில் ஓய்வுபெற்றவர் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்; அவர் பிள்ளைகள் துவாரகைக்கோ நொய்டாவிற்கோ குருகிராமத்திற்கோ செல்வர். அண்டை நகர்களான சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் ஆகியவற்றின் மறுசீரமைப்பிற்கு 2016இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது; பழைய வீடுகளின் இடத்தில் அடுக்குமாடிகள் எழலாயின. கோயிலுக்கு வண்டியில் சென்று வரலாம். மாலையில் கீழே இறங்கினால் தமிழ் பேசும் மூன்று சிறுவர் விளையாடிக் கொண்டிருப்பர் என்பதை வண்டியில் சென்று பெற இயலாது. சிறுவனின் குறிப்புக்குழுவில் தமிழ் இடம்பெறும் வழி அதுவாகவே இருந்தது.

இந்நிலையில் பள்ளியின் பங்கு எதிர்பாராத வகையில் மாறி வருகின்றது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் வீட்டுமொழி தமிழல்லாத மாணவரும் பயில்கின்றனர். அவர்களும் தமிழ் எழுத்தறிவு பெறுகின்றனர். இந்தி பேசும் வீட்டிலிருந்து வரும் சிறுமி தமிழ்ப் பாடலைப் பிழையின்றி ஒப்பிக்க, தமிழ் வீட்டுச் சிறுவன் எழுத்துகளைத் தடவிப் படிப்பதைக் கட்டுரையாளர் ஒருமுறை கண்டதுண்டு. இடைவேளையில் அச்சிறுமி அவனைத் தமிழிலேயே ஏதோ கேலி செய்தாள். அவனும் சற்றும் தயங்காமல், சுற்றிலும் எவர் நிற்கிறார் என்று பாராமல், தமிழிலேயே விடையிறுத்தான்.